உமிக்கரியும் கலாநிதிப் பட்டமும்

புற்றுநோய் ஆய்வில் கலாநிதிப் பயிற்சி பெற விரும்புவோர் இனி வவுனியாவில் இருந்துகொண்டே அதைச் செய்யலாம் என்ற அறிவித்தல் வெளிவந்த அன்று, நான் முன்பு பணிபுரிந்த ஆய்வுகூடத்திலிருந்து மூன்று பெண்கள் தனித்தனியாக எனக்குத் தொலைபேசி எடுத்தார்கள். இடங்கள் இரண்டு. ஆய்வின் பாதி வன்னிக் கிராமங்களிலேயே நடக்கவேண்டும். மூவரும் கேட்டது ஒன்றைத்தான்: "நாங்களும் விண்ணப்பம் போடலாமோ மிஸ்?" போடலாம் என்றேன். அவர்களுள் ஒருத்தி அத்துடன் விடவில்லை.

"நீங்கள் எப்பிடிச் செய்து முடிச்சனீங்கள் எண்டு எழுதித் தாங்கோ மிஸ். ஃபோனில சொன்னால் நாங்கள் மறந்துபோவம்."

ஓய்வு பெற்றவளுக்கு மறுப்பதற்கான காரணங்கள் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

எனக்கு அப்படியொரு இடம் கிடைத்தபோது ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தேன். வட்டக்கச்சியில் நெல் விதைக்கும் குடும்பத்தில் பிறந்து, கொழும்பில் ஆய்வுகூடத் தொழில்நுட்பம் பயின்று, வேலை பார்த்துக்கொண்டே பட்டமும் முதுமாணியும் முடித்தவள் நான். இடையில் வந்துபோன ஆண்டுகளைப் பற்றி வன்னியில் யாருக்கும் நான் விளக்கவேண்டியதில்லை. மீளக் குடியேறிய பின்னர் ஒரு வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் மீண்டும் அமர்ந்தேன். என் மேசைக்கு நோயாளரின் உடலில் வெட்டியெடுத்த இழையத் துண்டுகள் வரும். அவற்றை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நோயியல் மருத்துவருக்கு அனுப்புவது என் பணி. வாய்ப் புற்றுநோய்த் துண்டுகள் நிறைய வந்தன. வெற்றிலையும் புகையிலையும் கன்னத்தில் ஒதுக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. வந்த துண்டுகளில் பெரும்பாலானவை பிந்தியே வந்தன. நோயின் பெயர் எழுதப்படும்போது அந்தக் கன்னம் பெரும்பாலும் காப்பாற்றக்கூடிய நிலையைக் கடந்திருந்தது.

கன்னத்தின் உட்புறத்தை ஒரு சிறு தூரிகையால் துடைத்தெடுத்து, அதில் ஒட்டிவரும் கலங்களை, அதாவது உயிரணுக்களை, கிராமத்திலேயே கண்ணாடித் தகட்டில் பூசிக்கொண்டு வந்தால், நோயை முந்திப் பிடிக்க முடியுமா? இதுதான் என் ஆய்வுக் கேள்வி. இதைச் சுமந்துகொண்டு மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். பேராசிரியர் இராசநாயகம் என் சான்றிதழ்களைத் திறந்தே பார்க்கவில்லை.

"உமக்கு ஏன் இது, இந்த வயசில?" என்று கேட்டார்.

"பிந்தி வந்த துண்டுகளை வெட்டி வெட்டி அலுத்துப்போச்சு, சேர்."

"அலுப்பு நல்ல காரணம்," என்றார் அவர். "ஆசையிலும் பாக்கக் கனகாலம் நிக்கும்."

வீட்டில் வந்து சொன்னபோது என் கணவர், "நீர் போம். நான் காய்ச்சிற சோறு குழைஞ்சால் மட்டும் கதை சொல்லாதையும்," என்றார். அந்த உடன்பாட்டை நாங்கள் இருவரும் கடைசிவரை மீறவில்லை.

அக்காலத்தில் யாரையும் நேரடியாகக் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவதில்லை. முதலில் சிறிய ஆய்வுப் பட்டத்துக்குப் பதிவார்கள். பின்னர் மதிப்பீட்டுக் குழு ஒன்று கூடி, வேலை தகுதியானது என்று கண்டால் கலாநிதிப் படிப்புக்கு உயர்த்தும். அந்த ஆண்டு எங்கள் பிரிவில் அப்படி உயர்த்துவதற்கு ஓர் இடம்தான் இருந்தது. குழு மறுத்தால் சிறிய பட்டத்துடன் திரும்பவேண்டும். என் வயதில் இன்னொரு தடவை யாரும் அழைக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

பேராசிரியரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அவரிடம் இருவர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய நுணுக்குக்காட்டி ஒன்று இருந்தது. ஒரு பக்கம் அவர், மறுபக்கம் மாணவர். தகட்டை வைத்துவிட்டு, "என்ன தெரியுது?" என்பார். மாணவர் அவசரப்பட்டு ஒரு நோயின் பெயரைச் சொன்னால், கண்ணை எடுக்காமலே, "பேர் வையாதையும்," என்பார். கலம் எவ்வளவு பெரியது, அதன் கரு எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது, ஓரம் வழவழப்பா நெளிவா, சாயம் சமமாகப் பிடித்திருக்கிறதா என்று கண்டதை மட்டும் சொல்லவேண்டும். எல்லாம் சொல்லி முடித்த பிறகும் பெயரை அவரே சொல்லமாட்டார். எங்களைச் சொல்லவும் விடமாட்டார். பெயர் வைத்ததும் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது என்பது அவருடைய எண்ணம். தொடக்கத்தில் இது எனக்கு ஒரு கிழவரின் பிடிவாதமாகத் தோன்றியது.

களப்பணியை முரசுமோட்டையில் தொடங்கினேன். பொதுநோக்கு மண்டபத்தின் கிழக்கு யன்னலோரம் ஒரு கதிரையைப் போட்டோம். வருபவரை வெளிச்சத்தைப் பார்த்தபடி இருத்தி, முதலில் ஒரு பல் வைத்தியர் வாயைப் பார்ப்பார். பிறகு நான் தூரிகையைக் கன்னத்தில் அழுத்தி, ஒரே இடத்தில் நின்று சுழற்றுவேன். மேலோடு தடவினால் எச்சில்தான் வரும். கூடுதலாக அழுத்தினால் இரத்தம் வரும். இரண்டுக்கும் நடுவே ஓர் அழுத்தம் உண்டு. அதைக் கை பழகித்தான் அறியவேண்டும். எடுத்ததைத் தகட்டில் ஒரே இழுப்பில் பூசி, காற்றில் உலருமுன் மதுசாரத்தில் இறக்கவேண்டும். உலர்ந்துவிட்டால் கலங்கள் வீங்கி, நல்ல கலமும் கெட்ட கலம்போலத் தெரியும்.

சனங்கள் மறுக்காமல் வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து நீர்ப்பாசனக் குடியேற்றத்துக்கு வந்த குடும்பத்துப் பூமணி அக்கா, மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இளவயதில் வன்னிக்கு வந்து நெல் ஆலையில் வேலை செய்துகொண்டிருந்த செல்லாயி அக்கா என்று ஒருவரையொருவர் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பல் துலக்க என்ன பயன்படுத்துகிறீர்கள் என்று எல்லோரிடமும் கேட்டோம். பேஸ்ட் என்றார்கள். அது உண்மையும்கூட.

அந்தத் தகடுகள்தான் என்னைக் கவிழ்க்கப் பார்த்தன. கன்னத்தின் மேற்படைக் கலங்கள் சாயத்தில் இளஞ்சிவப்பாகவோ செம்மஞ்சளாகவோ தெரியவேண்டும். எனக்கு வந்தவையோ ஆழத்திலிருந்து வந்த நீலப்பச்சைக் கலங்கள். அவற்றைச் சுற்றி அழற்சிக் கலங்கள் மொய்த்திருந்தன. அந்த இலக்கணப்படி பார்த்தால் ஊரில் பாதிப்பேருக்கு நோய். பல் வைத்தியர் அவர்களுள் சிலருடைய கன்னத்தில் சிறு இழையத் துண்டு எடுத்துப் பார்த்தார். ஒன்றிலும் நோய் இல்லை. போதாததற்கு எல்லாத் தகடுகளிலும் கறுப்புத் துணுக்குகள். செல்லாயி அக்காவின் தகட்டில் கலங்களே தெரியாத அளவுக்கு அவை மூடியிருந்தன. அதை 'வாசிக்க முடியாதது' என்று ஒதுக்கவேண்டி வந்தது.

மதிப்பீட்டுக் குழு கூடியபோது வெளியிலிருந்து வந்திருந்த பரிசோதகர் என் தகடுகளைப் பார்த்தார். கடுமையானவர், ஆனால் நேர்மையானவர். "இந்தச் சோதனை நோயில்லாதவரை நோயாளி என்கிறது, கலத்துடன் ஊர் அழுக்கையும் சேர்த்து எடுக்கிறது. கிராமத்து மண்டபம் இதற்குத் தோதான இடமல்ல. ஆய்வை ஒரு நகர வைத்தியசாலைக்கு மாற்றட்டும், அல்லது சிறிய பட்டத்துடன் முடிக்கட்டும்," என்றார். நகரத்துக்கு மாற்றினால் என் கேள்வியே இல்லாமல் போய்விடும். குழு அடுத்த கூட்டம்வரை தவணை தந்தது.

வெளியே வந்ததும் பேராசிரியர் கேட்டார்: "உமக்குக் கோவமோ?"

"ஓம், சேர்."

"இருக்கட்டும். ஆனா அதை நுணுக்குக்காட்டிக்குக் கிட்டக் கொண்டுவராதையும். மூச்சுப் பட்டுக் கண்ணாடியில புகார் பிடிக்கும்."

அவர் செல்லாயி அக்காவின் தகட்டையே எடுத்து வைத்தார். நாங்கள் எதிரெதிரே குனிந்தோம்.

"என்ன தெரியுது?"

"கறுப்புத் துணுக்குகள், சேர்."

"அழுக்கோ?"

"அது பேர், சேர்."

அவர் சிரித்த சத்தத்தை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "சரி, சொல்லும்," என்றார்.

நான் சொன்னேன். துணுக்குகள் உருண்டையாக இல்லை. தகடு தகடாக இருக்கின்றன. ஓரங்கள் முறிந்திருக்கின்றன. மெல்லிய ஓரங்களின் ஊடாக வெளிச்சம் வருகிறது. அந்த இடங்களில் சின்னச் சின்ன மொட்டுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கயிறு பிடித்து நட்ட நாற்றுப்போல. எல்லாத் துணுக்கிலும் அதே ஒழுங்கு.

"அழுக்குக்கு ஒழுங்கில்லை, சேர். இது உயிரோட இருந்த ஏதோ ஒண்டு."

"எது?"

"தெரியேல்லை."

"அப்ப போய்த் தேடும். ஏன் என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர்?"

விடுமுறைக்கு வட்டக்கச்சிக்குப் போனேன். அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் வந்திருந்தன. பதர் பார்க்கக் கையில் கொஞ்சம் நெல்லை அள்ளியபோது விரல் நகம் ஒரு மணியின் மேல் உரசியது. நெல்லின் மேல்தோல் ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும். மறுபக்கமாகத் தடவினால் சொரசொரக்கும். அந்தச் சொரசொரப்பில் என் கை நின்றுவிட்டது. சில மணிகளின் உமியை உரித்தெடுத்துக்கொண்டு மறுநாளே ஆய்வுகூடத்துக்குப் போனேன். அதே மொட்டுகள், அதே வரிசை. ஆனால் நிறம் வெளிறல். ஒரு சிட்டிகை உமியைக் கருக்கிப் பார்த்தேன். கருகியும் அந்த வரிசை குலையவில்லை. தகட்டில் கண்டது அதுவேதான்.

கருக்கிய உமியை யார் வாயில் வைப்பார்கள் என்று கண்டுபிடிக்க எனக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. சிறுவயதில் ஒவ்வொரு காலையும் நானே வைத்திருக்கிறேன். ஆனால் ஊரில் எல்லோரும் பேஸ்ட்டுக்கு மாறிப் பல காலமாகிவிட்டது. அப்படியிருக்க, உமிக்கரி எப்படி வந்தது?

நெல் ஆலை முற்றத்தில் தேநீர் வேளையில் போய் அமர்ந்தேன். பூமணி அக்காவும் நெல்லுக் குத்தகை விடயமாக அங்கே வந்திருந்தார்.

"பல்லுக்கு என்ன போடுறனீங்கள் எண்டு கேட்டனான். எல்லாரும் பேஸ்ட் எண்டு சொன்னீங்கள்," என்று தொடங்கினேன்.

"ஓம், பேஸ்ட்தான்," என்றார் பூமணி அக்கா. "தினமும் பேஸ்ட்தான்."

"மண்டபத்துக்கு வந்த அண்டைக்கு?"

பூமணி அக்கா செல்லாயி அக்காவைப் பார்த்தார். செல்லாயி அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"அன்னைக்குப் பேஸ்ட் பத்துமா மிஸ்? நீங்க தலையவே உள்ள விட்டுப் பாக்குறீங்க. கல்யாண வீட்டு அண்டா தேய்க்கிற மாதிரி தேச்சோம்ல."

"எதால?"

"உமிக்கரிதான். கொஞ்சம் உப்பு."

"கன்னத்துக்கு உள்ளையும் தேய்ச்சனீங்களோ?"

"அங்கதானே மிஸ் வெத்தல நிக்குது."

"இவா ரத்தம் வரத் தேய்ச்சவா," என்றார் பூமணி அக்கா. "நான் அவ்வளவுக்கு இல்லை."

"பொய் சொல்லாதீங்க. ஒங்க வீட்டு உமிக்கரியத்தான் நான் டப்பாவுல வாங்கிட்டுப் போனேன்."

நான் தேடியது அத்தனையும் அந்த ஒரு டப்பாவுக்குள் இருந்தது. வெற்றிலைக் கறையுடன் என் முன் வந்து வாயைத் திறப்பது எனக்குச் செய்யும் அவமரியாதை என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். அதனால் என்னிடம் வரும் நாளில் மட்டும், வீட்டுக்கு வீடு, கன்னத்தின் மேற்படையைத் தேய்த்து அகற்றிவிட்டு வந்திருந்தார்கள். நான் எடுத்தது புண்பட்ட தோலின் அடிக் கலங்களை. ஊரில் பாதிப்பேருக்கு வந்திருந்த நோய், என்மேல் ஊர் வைத்திருந்த மரியாதை.

"அடுத்த முறை ஒண்டும் போடவேண்டாம்," என்றேன். "ஒரு கிழமைக்கு முன்னமிருந்தே உமிக்கரியைத் தொடாதேங்கோ. வேலையால நேர வாங்கோ. பச்சைத் தண்ணியில கொப்பளிச்சால் போதும்."

பூமணி அக்காவின் முகம் மாறியது. "வெத்திலை வாயோட உங்களுக்கு முன்னால நிண்டு 'ஆ' காட்டுறதோ? எங்களை என்னெண்டு நினைப்பினம் கூட வாறவை?"

"படிக்கப் படிக்க இப்படித்தான் ஆகும்போல," என்றார் செல்லாயி அக்கா. "அழுக்கு வாய்தான் வேணுமாம் மிஸ்ஸுக்கு."

விளக்கம் சொல்லிப் பயனில்லை என்று புரிந்தது. மரியாதையைக் கைவிடுங்கள் என்று கேட்க முடியாது; அதற்கு வேறு வடிவம் ஒன்றைத்தான் கொடுக்க முடியும். அடுத்த தடவை மண்டபத்தை விட்டு ஆலை முற்றத்திலேயே கதிரையைப் போட்டேன். அங்கிருந்த குழாயடியில் எவர்சில்வர் குவளைகளை வைத்தேன். எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொல்லி, வரிசையின் முதல் ஆளாக நான் நின்றேன். குவளையில் தண்ணீர் பிடித்து, எல்லோரும் பார்க்கக் கொப்பளித்துத் துப்பினேன். பல் வைத்தியரும் சிறிது தயங்கிவிட்டு என் பின்னால் வந்து நின்றார்.

பிறகு செல்லாயி அக்காவின் குரல் கேட்டது.

"ஐயோ, மிஸ்ஸுக்குத் துப்பக்கூடத் தெரியல. பாருங்க, எல்லாம் கால்லயே விழுகுது. தள்ளுங்க, நான் காட்டுறேன்."

அவர் வந்து குழாயடியில் நின்று, தண்ணீர் ஒரே கோடாகப் போய் விழும்படி துப்பிக் காட்டினார். அதன்பின் அந்த வரிசையில் கூச்சம் இருக்கவில்லை, போட்டிதான் இருந்தது.

அன்று எடுத்த தகடுகளில் கறுப்பு இல்லை. நீலப்பச்சைக் கலங்களும் பெரும்பாலும் இல்லை. பூமணி அக்காவின் கலங்கள் எந்தப் பாடநூலிலும் போடக்கூடிய அழகில், இளஞ்சிவப்பாக விரிந்து கிடந்தன. ஊர் தன் ஆரோக்கியத்தைத் திரும்பப் பெற்றது. ஒரேயொரு தகட்டைத் தவிர. செல்லாயி அக்காவின் கன்னம் முதல் தடவை தேய்த்த தேய்ப்பில் முழுவதும் சிவந்திருந்தது. இம்முறை பின்பக்கத்தில் மெல்லிய வெண்படலம் ஒன்றும், அதன் ஓரத்தில் ஒரு சிவப்பும் தெரிந்தன. பல் வைத்தியர் அந்த இடத்தில் நெடுநேரம் விளக்கைப் பிடித்தார்.

பேராசிரியரின் அறையில் அந்தத் தகட்டை நானே வைத்தேன். அவர் கேட்குமுன் சொல்லத் தொடங்கினேன். கலங்கள் ஒரே அளவில் இல்லை. கருக்கள் பெரியவை, கலத்தின் பாதிக்கு மேல் அடைத்திருக்கின்றன. ஓரம் நெளிந்திருக்கிறது. சாயம் கட்டிகட்டியாகப் பிடித்திருக்கிறது. சுற்றிலும் அழற்சி இல்லை, கரித்துணுக்கு இல்லை. தேய்ப்பால் வந்தது என்று சொல்ல ஒன்றும் இல்லை. பழக்கப்படி பேர் வைக்காமல் அத்துடன் நிறுத்தினேன். அவர் தகட்டை மெல்ல நகர்த்தி, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தானே பார்த்தார். பின்னர் கண்ணை எடுத்து என்னை நேராகப் பார்த்தார்.

"இப்ப பேர் வையும்," என்றார்.

வைத்தேன்.

"இதை அந்த மனுசிக்கு ஆர் சொல்லப்போறது?"

"நான்தான், சேர்."

"அப்ப இங்க என்ன செய்யிறீர்?"

பல் வைத்தியர் எடுத்த இழையத் துண்டும் அதையே உறுதிசெய்தது. சிறியது, மேலோட்டமானது; முந்திப் பிடிபட்டது. ஆலைக்குப் பின்னால் இருந்த மர நிழலில் செல்லாயி அக்காவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கையிலிருந்த உமித்தூசைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்குத் தேச்சதுனால வந்துச்சா மிஸ்?"

"இல்லை அக்கா. தேய்ச்சதால அது எங்கட கண்ணுக்குத் தெரியாமப் போனது."

"அப்ப நீங்க அன்னைக்கு அழுக்கு வாயோட வாங்கன்னு சொன்னது..."

"ஓம். அதாலதான் இப்ப தெரிஞ்சது."

"எப்ப வெட்டுவாங்க?" என்று மட்டும் கேட்டார். தெற்கிலுள்ள பெரிய வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது. வேறு சிகிச்சை தேவைப்படவில்லை. ஆலைக்குத் திரும்பி வந்தபோது அவருடைய சிரிப்பு ஒரு பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருந்தது. வெற்றிலைப் பெட்டியைப் பூமணி அக்காவுக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். பிறகு யோசித்து, அதுவும் சரியில்லை என்று, அதில் ஊசி நூல் போட்டு வைத்தார்.

குழு மீண்டும் கூடியது. நான் நீளமாகப் பேசவில்லை. ஒரு நுணுக்குக்காட்டியில் முதல் தகட்டையும், பக்கத்து நுணுக்குக்காட்டியில் பூமணி அக்காவின் குசினியிலிருந்து கொண்டுபோன உமிக்கரியையும் வைத்தேன். வெளிப் பரிசோதகர் இங்கும் அங்குமாகக் குனிந்து மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டாம் தடவை எடுத்த தகடுகளைக் கேட்டார். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார்.

"நான் இதை அழுக்கு என்று சொன்னேன்," என்றார் கடைசியில். "கலாநிதிப் படிப்புக்கு உயர்த்துவதை நானே முன்மொழிகிறேன். ஒரு நிபந்தனை: இந்த உமிக்கரிக்கு ஆய்வேட்டில் ஒரு தனி அத்தியாயம் வேண்டும்."

பேராசிரியர் என்னைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த உமிக்கரி டப்பாவைத் திறந்து, ஒரு துளி விரலில் தொட்டு மணந்து பார்த்தார். யாழ்ப்பாணத்தில் அவருடைய தாயாரும் அதைத்தான் வைத்திருந்திருப்பார்.

பட்டம் கிடைத்தது. அந்த அத்தியாயமும் இருக்கிறது. அதன் பிறகு எங்கள் பக்கத்தில் வாய்ப் பரிசோதனை நடக்கும் இடமெல்லாம் குழாயடி வரிசை ஒரு முறையாகிவிட்டது. பரிசோதிப்பவர்தான் அதில் முதலில் நிற்கவேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே புதிய இடங்களுக்கான நேர்முகத் தேர்வும் வந்துவிட்டது. தெரிவுக் குழுவில் நோயிலிருந்து மீண்டவர் ஒருவரும் இருக்கவேண்டும் என்பது புதிய விதி. செல்லாயி அக்காவை அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற ஆய்வாளர் என்ற வகையில் என்னையும். என் பழைய ஆய்வுகூடத்திலிருந்து விண்ணப்பித்தவர்கள் உள்ளே வந்தபோது நான் எழுந்து வெளியே போய் அமர்ந்தேன். என்னை எழுதச் சொன்னவளே, இதை வாசிக்காமலே, ஓர் இடத்தைப் பெற்றுவிட்டாள் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

செல்லாயி அக்கா எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "என் வாயப் பாக்கணும்னா மொதல்ல என்ன செய்வீங்க?" கையைக் கழுவுவேன் என்றார்கள், சம்மதம் பெறுவேன், கையுறை போடுவேன், வெளிச்சத்தைச் சரிபார்ப்பேன் என்றார்கள். எல்லாம் சரியான பதில்கள். கடைசியாக வந்த, எனக்கு முன்பின் தெரியாத பெண்ணின் பதில் மட்டும் வேறு.

"முதல்ல கேப்பன் அம்மா," என்றாள். "நாங்கள் பாக்கவாறம் எண்டு சொன்ன பிறகு, வீட்டில என்ன செய்துபோட்டு வந்தனீங்கள் எண்டு."

என் உமிக்கரி அத்தியாயத்தை வாசித்திருக்கிறாயா என்று தலைவர் கேட்டார். இல்லை என்றாள்.

"எங்கட அம்மா டொக்டரிட்டப் போறதெண்டால் முழுகி, நகம் வெட்டி, புண்ணில இருக்கிற மருந்தையும் துடைச்சுப்போட்டுத்தான் போவா. டொக்டருக்குக் காட்டவேண்டியதை எல்லாம் வீட்டிலேயே கழுவிப்போட்டுப் போறாவெண்டு நான் பகிடி பண்ணுறனான்."

செல்லாயி அக்கா மேசைக்குக் குறுக்கே என் பக்கம் சாய்ந்தார். குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, அறை முழுவதும் கேட்கச் சொன்னார்:

"இந்தப் புள்ளைக்குக் குடுங்க மிஸ். இவளுக்குத் துப்பக்கூடத் தெரிஞ்சிருக்கும்."

கொடுத்தோம்.